ஓடை போய்ச் சேர்ந்த ஏரி

ஐப்பசி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு நாற்பதுக்கு ஓசூர் பேருந்து நிலையத்தில், கெலமங்கலம் வழியாகத் தேன்கனிக்கோட்டை போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு தேங்காய், முந்தின மாலையே வாங்கி ஈரத்துணியில் சுற்றிவைத்த சாமந்திப் பூ. ஓசூருக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு விருந்தாளியாகப் போவது அதுதான் முதல் தடவை.

அழைத்தவர் கௌரம்மா. எங்கள் தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கும் வேலைக்கு ஒப்பந்தத்தில் வருபவர். நாற்பது வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். செவ்வாய்க்கிழமைகளில் அவர் கேன்டீன் பக்கமே வரமாட்டார். விரதம். நானும் சாமி கும்பிடுகிறவன் என்பதால் அவரிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு. அந்த வாரம் அவர் என் அறை வாசலில் நின்று, ஏழு வருடம் கழித்து ஊர் ஏரி நிரம்பிக் கோடி போகிறது, ஞாயிற்றுக்கிழமை ஏரித் தெய்வம் கெங்கம்மாவுக்குப் பூஜை, கட்டாயம் வரவேண்டும் என்றார். ஏரி நிரம்பி உபரிநீர் வழிந்து ஓடுவதைத்தான் இங்கே கோடி போவது என்கிறார்கள்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது ஒரு முலாம் பூசும் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். இரும்புச் சாமான்களை அமிலத்தில் முக்கி, துத்தநாகமும் நிக்கலும் ஏற்றுவார்கள். அதில் வெளியேறும் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிரிவு என் பொறுப்பு. தொட்டிகள், பம்புகள், கடைசியில் பின்சுவர் ஓரமாக ஒரு குழாய், அதில் ஒரு வால்வு. சுத்தம் செய்ய ஆகும் மருந்துச் செலவு அதிகம் என்று மேலே இருப்பவர்கள் நினைக்கும் நாட்களில், அல்லது தொட்டி நிரம்பிவிட்ட நாட்களில், அந்த வால்வைத் திறக்கச் சொல்வார்கள். நல்ல மழை நாளாகப் பார்த்துத் திறப்பேன். மழைத் தண்ணீரோடு போனால் நிறம் தெரியாது. சுவருக்கு அப்பால் ஒரு ஓடை இருந்தது. தூரத்தில் ரயில் பாலம் தெரியும். ஓடை அதன் அடியில் நுழைவது வரைக்கும்தான் நான் பார்த்திருக்கிறேன்.

பம்ப் அறையில் ஒரு பிள்ளையார் படம் வைத்திருந்தேன். தினமும் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவேன். கார்த்திகையில் மாலை போட்டால் நாற்பத்தொரு நாளும் குளிர்ந்த நீரில் குளியல், ஒருவேளை உணவு, யாரையும் கடிந்து ஒரு சொல் பேசமாட்டேன். அந்த நாற்பத்தொரு நாட்களுக்குள்ளும் வால்வைத் திறந்திருக்கிறேன். இரண்டையும் ஒருநாளும் சேர்த்துவைத்து யோசித்ததில்லை.

காலை 7.30. கெலமங்கலத்தில் இறங்கினேன். பஸ் டிக்கெட் பதினெட்டு ரூபாய். கடைவீதியில் ஒரு டீ. பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டுகள் ஏற்றிய சிறிய லாரி ஒன்று பெங்களூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. முந்தின நாள் வரை பெய்த மழையில் எல்லாமே கழுவிவிட்டதுபோல் இருந்தது. ராகிக் கதிர்கள் முற்றிச் சாயத் தொடங்கியிருந்தன. கௌரம்மா சொல்லியிருந்தபடி மரத்தடியில் நின்ற ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஆளுக்கு இருபது ரூபாய், ஆறு கிலோமீட்டர். என்னோடு வந்தவர்கள் இடையிலேயே இறங்கிவிட, கடைசி இரண்டு கிலோமீட்டர் ஓட்டுநரும் நானும் மட்டும்.

ஒரு வளைவில் சாலையை ஒட்டியே ஓர் ஓடை சேர்ந்துகொண்டது. இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. அழகாக இருக்கிறதே என்று சொல்லி, எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"மேல கம்பெனிங்க பக்கம் இருந்துதான் சார். ரயில் பாலத்துக்கு அடியில பூந்து வரும். ரோடு சுத்திகினு வருது, அது குறுக்கால வந்துடும். நேரா ஏரிக்குத்தான் போவுது."

எந்த ரயில் பாலம் என்று கேட்டேன். அவர் சொன்னார். எங்கள் பின்சுவரிலிருந்து தெரியும் அதே பாலம். பாறை தெரிந்த ஓர் இடத்தில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கல்லில் பச்சையும் துருவுமாக ஒரு கோடு ஓடியது. அந்தக் கறை எனக்குத் தெரியும். எங்கள் தொட்டிகளின் உட்சுவரில் அதைத்தான் நான் மாதாமாதம் சுரண்டுகிறேன். இறங்கி அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை. அதை என் நேர்மையென்று சொல்லிக்கொள்ள முடியாது. ஊர் முகப்பில் கௌரம்மாவும் அவருடைய கணவர் முனிராஜும் எனக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

காலை 8.30. ஊரில் எழுபது, எண்பது வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் மாவிலை கட்டியிருந்தது. கௌரம்மாவின் வீட்டில் உப்புமாவும் காபியும் கொடுத்துவிட்டு, நேரே ஏரிக்கு அழைத்துப் போனார்கள். கரை ஏறும் இடத்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். கரையில் எச்சில் துப்பக் கூடாது, தண்ணீரில் சோப்புப் போடக் கூடாது, சினை மாடு இறங்கினால் கல்லெடுத்து விரட்டக் கூடாது என்று முனிராஜ் சொல்லிக்கொண்டே வந்தார். யார் வைத்த சட்டம் என்று கேட்டேன். சட்டமெல்லாம் இல்லை, கெங்கம்மா இருக்கிற இடம், அவ்வளவுதான் என்றார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டபோது, அதைக் கீழேயே விடுங்கள், யாரும் தொடமாட்டார்கள் என்று சிரித்தார்.

கரைமேல் நின்றபோது ஏரி முழுதாகத் தெரிந்தது. எதிர்க்கரையில் கரும்பாறைக் குன்று, அதன் நிழல் தண்ணீரில். வடக்கு முனையில் கோடி வாய்த் தடுப்பைத் தாண்டி நீர் ஒரு வெள்ளைச் சேலையாக வழிந்தது. கோடி வாய்க்கு அருகில் ஒரு வேப்பமரம், அதனடியில் மஞ்சள் பூசிய மூன்று கற்கள். அதுதான் கெங்கம்மா. பம்பை மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தலையில் மாவிளக்குத் தட்டுகளோடு வரிசையாக வந்தார்கள். என் பூவையும் தேங்காயையும் கௌரம்மா வாங்கிப் பூசாரியிடம் கொடுத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றவர், பூஜை முடிவதற்குள் தாழ்ந்த குரலில் ஒரு விஷயம் சொன்னார். அதைச் சொல்லத்தான் என்னை அழைத்தாரோ என்னவோ.

மூன்று வருடத்துக்கு முன் இந்த ஏரியில் பாதிக்குமேல் தண்ணீர் இருந்ததாம். வருடாவருடம் நடக்கும் பூஜையில் அந்த வருடம் முறை கௌரம்மாவின் வீட்டுக்கு. அவர் கையால்தான் கலசம் வைக்க வேண்டும். ஆனால் அன்றைக்குத் தொழிற்சாலையில் மறுநாள் ஆடிட் என்று சொல்லி, எல்லோரையும் ஓவர்டைமில் நிறுத்திவிட்டார்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்து இவர் நின்றுவிட்டார். கலசத்தை நாத்தனார் வைத்தார். நான்காம் நாள் காலையில் ஏரி முழுக்க மீன் செத்து மிதந்தது. கூடை கூடையாக வாரிப் புதைத்தார்கள். ஊரில் யாரும் இவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவராகவே முடிவு செய்துகொண்டார்: தான் முறையை விட்டுவிட்டுச் சம்பளத்துக்கு நின்றது தப்பு, அதனால்தான் கெங்கம்மா மீன்களைக் கொண்டுபோய்விட்டாள். அன்று முதல் செவ்வாய்க்கிழமை சாப்பாடு இல்லை. இந்த மூன்று வருடமும் அவர் கரை ஏறவே இல்லையாம். ஏரி நிரம்பினால், கோபம் தீர்ந்தது என்று ஏறுவதாக வேண்டுதல்.

"இன்னிக்குத்தான் சார் மறுபடி ஏர்றேன்," என்றார்.

அந்த ஆடிட் எனக்கு நன்றாக நினைவிருந்தது. வருகிறவர்களுக்குத் தொட்டி காலியாகத் தெரிய வேண்டும் என்று, முந்தின மாலை ஐந்து மணிக்கு வால்வை முழுதாகத் திறந்துவைத்தேன். அன்று மழைகூட இல்லை. அந்த நேரத்தில் கௌரம்மா என் அறைக்கு வெளியே தரையைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பார்.

காலை 10.15. ஆரத்தி முடிந்தது. பூசாரி குடத்தில் ஏரித் தண்ணீர் மொண்டு, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, தீர்த்தம் கொடுக்கத் தொடங்கினார். விருந்தாளிக்குத்தான் முதலில் என்று யாரோ என்னை முன்னால் தள்ளினார்கள். எனக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர், வலது கையை ஏற்கெனவே குவித்துக்கொண்டு. உள்ளங்கையில் தண்ணீர் விழுந்தது. அந்த மழைக்காலத்தில் மட்டும் இரண்டு தடவை திறந்திருந்தேன். கடைசியாகத் திறந்தது ஒன்பது நாளைக்கு முன்பு.

கை வாய்க்கு வரவில்லை. விரலிடுக்கில் தண்ணீரை வழியவிட்டு, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டு ஒதுங்கினேன். யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். கௌரம்மா மட்டும் பார்த்துவிட்டார்.

"ஏன் சார், குடிக்கலையா?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். வயிறு சரியில்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒரு சின்னப் பெண் தீர்த்தம் வாங்க முன்னால் வந்து நின்றாள்.

"பிள்ளைங்களுக்குக் கொடுக்க வேண்டாம்னு சொல்லுங்க கௌரம்மா. நம்ம கம்பெனித் தண்ணி இதுலதான் வந்து சேருது. வால்வைத் திறந்துவிடுறது நான்தான்."

நான் எதிர்பார்த்த எதையும் அவர் கேட்கவில்லை.

"அந்த ஆடிட் சமயத்துலயும் திறந்தீங்களா?"

"ஆமா."

கௌரம்மா வேப்பமரத்து வேரில் உட்கார்ந்தார். சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டார். "அப்போ கெங்கம்மாவுக்கு எம்மேல கோவமில்ல," என்றார். என்னிடம் சொன்னதுபோல் இல்லை. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நான் செய்ததற்கு அவர் மூன்று வருடம் பட்டினி கிடந்திருக்கிறார். நானோ அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் அவருடைய பக்தியை மெச்சிக்கொண்டே கேன்டீனில் சாப்பிட்டேன்.

பிறகு கௌரம்மா எழுந்துபோய்ப் பூசாரியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். பம்பை நின்றது. பிள்ளைகளின் கையில் இருந்ததைக் கொட்டச் சொன்னார்கள். இரண்டு பேர் அதற்குள் குடித்துவிட்டிருந்தார்கள். ஒரு வாய் தண்ணீர்தானே, ஒன்றும் ஆகாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அன்று முழுதும் அந்த இருவர் எங்கே நிற்கிறார்கள் என்று என் கண் தேடிக்கொண்டே இருந்தது.

பூசாரி நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"இத எங்க சார் ஊத்தறது? மறுபடி ஏரியில ஊத்தினா அதுவும் தப்பு. மரத்துக்கு ஊத்தினா மரத்துக்கு ஆவாதில்ல?"

கழிவுநீரைச் சுத்தம் செய்வதற்கென்றே பதினொரு வருடம் சம்பளம் வாங்கியவன் நான். அவரே குடத்தை அந்தக் கற்களின் முன்னால் வைத்து, ஒரு தட்டால் மூடிவிட்டுப் போனார்.

ஆண்கள் சூழ்ந்துகொண்டார்கள். கேட்டதற்கெல்லாம் உள்ளபடி சொன்னேன்: எந்த வருடங்கள், எத்தனை தடவை, என்ன கலந்திருக்கும். ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். மீன் செத்த அந்த வருடம் அவருடைய இரண்டு மாடுகளுக்குக் கன்று தங்காமல் போயிருந்தது. அதற்கும் இதுதான் காரணம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. முனிராஜ் வந்து அவர் கையை எடுத்துவிட்டார். கெங்கம்மா வாசலில் ஒரு ஆள்மேல் கை வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பிடித்தவர் உடனே கையை விட்டார். அந்தப் பெயருக்கு அங்கே அவ்வளவு கனம் இருந்தது. என் பம்ப் அறைப் பிள்ளையாரை நினைத்துப் பார்த்தேன். அவர் பெயரைச் சொல்லி என் கையை யாரும் பிடித்ததில்லை. நானும் பிடித்துக்கொண்டதில்லை.

அவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. வெளியே யாரிடமும் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டாம். ஊர் முழுக்கக் கொத்தமல்லியும் கோஸும் ரோஜாவும்தான். இந்த ஏரித் தண்ணீர் இப்படி என்று சந்தையில் தெரிந்தால் ஒரு கட்டுகூடப் போகாது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் ஷேர் ஆட்டோ ஏறிய இடத்தோடு அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் நின்றுவிட்டன.

பகல் 12.30. நான் கிளம்புகிறேன் என்றேன். பூஜைக்கு வந்தவர் சாப்பிடாமல் போகக் கூடாது என்று கௌரம்மாவின் நாத்தனார் இலை போட்டுவிட்டார். ராகிக் களி, கறிக்குழம்பு. எந்தத் தண்ணீரில் சமைத்தது என்று கேட்டேன். போர் தண்ணீர்தான், பயப்படாமல் சாப்பிடுங்கள் என்றார் அவர். ஆழ்துளைக் கிணறு ஏரிக்கரைக்கு நூறு அடி தள்ளி இருந்தது. நிலத்துக்கு அடியில் தண்ணீர் எப்படிப் போகும் என்று படித்தவன் நான். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அவர்கள் தினமும் சாப்பிடுவதை ஒரே ஒரு வேளை நான் சாப்பிட மாட்டேன் என்பதற்கு என்னிடம் நியாயம் இல்லை. கௌரம்மா பரிமாற வரவில்லை. கதவோரம் நின்று, குழம்பு இன்னும் ஊற்றச் சொல்லி நாத்தனாருக்குக் கை காட்டினார்.

முனிராஜ் தன் வண்டியில் என்னைக் கெலமங்கலம் வரை கொண்டுவந்து விட்டார். பஸ் வருவது தெரிந்ததும் சொன்னார்:

"நீங்க சொன்னது நல்லதுதான் சார். சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. ஆனா அந்தத் தண்ணி எங்க போவுதுன்னு பதினோரு வருசத்துல ஒருநாள்கூட நடந்து வந்து பாக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

பஸ் நின்றது. நடத்துநர் அவசரப்படுத்தினார். நான் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை மேலாளரிடம், இனி திறக்கமாட்டேன் என்றேன். அன்று மாலையே என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு அதிகாரிகளுக்கு அனுப்பினேன். ஏரி எது என்று சொல்லாமல் அந்தப் புகாரை எழுத முடியாது. எழுதினேன். இரண்டு வாரத்தில் ஆட்கள் வந்து குழாயை அடைத்து முத்திரை வைத்தார்கள். நீரின் மாதிரியை எடுத்துப் போனார்கள். அதன் முடிவு எனக்குத் தெரியாது. என் வேலை போனது. அதை நான் எதிர்பார்த்திருந்தேன். கௌரம்மாவின் பெயரைப் புகாரில் எங்கும் நான் எழுதவில்லை. ஆனால் ஏரி தெரிந்ததும் ஊர் தெரிந்தது, ஊர் தெரிந்ததும் அங்கிருந்து வேலைக்கு வருபவர் யார் என்று தெரிந்தது. அடுத்த மாதம் ஒப்பந்தக்காரர் அவரை வர வேண்டாம் என்றார். இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

போன் செய்தபோது, ரோஜா பசுமைக்குடில் ஒன்றில் பூப்பறிக்கப் போவதாகச் சொன்னார். குரலில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை இப்போதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

"இல்ல சார். பழகிடுச்சு. அன்னிக்குப் பசியே எடுக்கறதில்ல."

தை மாதத்தில் ஓசூர் அறையைக் காலி செய்தேன். சொந்த ஊருக்குச் சேலம் வழியாகப் போக வேண்டும். காலை எட்டரைக்குக் கிருஷ்ணகிரியில் இறங்கி, பெட்டியைத் தெரிந்த கடையில் வைத்துவிட்டு, பாரூர் போகும் பஸ்ஸில் ஏறினேன். முனிராஜ் கேட்ட கேள்விக்குப் பிறகு நான் வரைபடத்தை எடுத்துப் பார்த்திருந்தேன். அந்த ஊர் ஏரியோடு எதுவும் முடியவில்லை. கோடி போன தண்ணீர் இன்னோர் ஓடையில் சேர்ந்து, அது தென்பெண்ணையில் சேர்ந்து, அந்த ஆறு கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி, கால்வாய் பிரிந்து பாரூர் ஏரிக்கு வருகிறது. அவ்வளவு தூரத்தில், அவ்வளவு தண்ணீரில், என்னுடையது எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றுமே இல்லாமலும் போயிருக்கலாம். ஆனாலும் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

பாரூரில் இறங்கியபோது மணி பத்தே கால். கடல் மாதிரி ஏரி. கரைக்குக் கீழே கால்வாய் ஓரமாக நடந்தேன். இரு பக்கமும் நடவு. முழங்கால் அளவு சேற்றில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். வரப்போரம் வந்ததும் ஒருவர் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, என்னைப் பார்த்தார். நிலம் பார்க்க வந்தவன் என்று நினைத்திருக்க வேண்டும். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்.

ஓசூர் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். "தெற்கேருந்து வர்றேன்மா," என்று சொந்த ஊர் இருக்கும் திசையைச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, மறுபடி தண்ணீருக்குள் கை விட்டு நாற்றை ஊன்றினார். நான் பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பி நடந்தேன்.